யாருடைய வழக்கம்?

குடல், கல்லீரல், கணையம் பார்க்கிற அந்த மருத்துவமனைத் துறையில் அந்த டாக்டருக்கு ‘அச்சகம்’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. பின்னே? முன்னூற்றுச் சொச்சம் ஆய்வுக்கட்டுரை! ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டினால்தான் அந்த உலகத்தில் மதிப்பு. அவருடையதை ஆயிரக்கணக்கில் காட்டியிருந்தார்கள். பேராசிரியர் நாற்காலி காலியானதும், வீட்டு வாசல் பலகையில் ‘பேராசிரியர்’ என்று சேர்க்க இடம் இருக்கிறதா என்று மனைவி பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

போட்டிக்கு நின்றது ஒரே ஒரு ஆள், பக்கத்து அறை டாக்டரம்மா. வார்டுக்குள் நுழைந்தால் கட்டில் கட்டிலாக நின்று "சாப்டாச்சா?" என்று கேட்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. மொத்தமே பதினோரு கட்டுரைதான். பாவம், இந்தம்மாவுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்று அச்சகம் மனதார இரக்கப்பட்டார்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் மதியம் வந்தது வினை. அவருடைய புதுக் கட்டுரையைப் படித்துப் பார்த்த மருத்துவ இதழின் பரிசீலகர், எல்லாம் சரி என்றுவிட்டு ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ‘கணைய அழற்சி நோயாளிகளுக்கு வழக்கம்போல் முதல் நாளே உணவு கொடுக்கப்பட்டது’ என்ற வரி. யாருடைய வழக்கம், ஆதாரம் காட்டவும் என்று கேட்டிருந்தார்.

"இதுக்குப் போய் ஆதாரமா? ஊருக்கே தெரிஞ்ச விஷயம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே தேட உட்கார்ந்தார். இதே வரியை எழுதிய மற்றவர்கள் எல்லாரும் ஆதாரமாக ஒரு சிகிச்சைக் கையேட்டைக் காட்டியிருந்தார்கள். கையேடு, பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு ஒன்றைக் காட்டியது. அந்த ஆய்வின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பழைய கட்டுரை. நாற்பதே நோயாளிகள். அதுவும் இதே மருத்துவமனை, இதே வார்டு. எழுதியவர் ‘சாப்டாச்சா’ டாக்டரம்மா. அதை மேற்கோள் காட்டியவர்கள் மொத்தம் ஒன்பது பேர்.

அச்சகத்துக்கு அந்தக் காலம் அப்படியே கண்முன் வந்து நின்றது. வலி முழுக்க நிற்கும்வரை கணைய நோயாளிக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது. நாள்கணக்கில் கையில் ட்ரிப், உதடெல்லாம் வெடிப்பு. ஒளித்துவைத்து ரொட்டி தின்ற ஒருவரை இவரே பிடித்துச் சத்தம் போட்டிருக்கிறார். அப்போது பெரிய டாக்டர்களிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, "பசிக்குதுன்னு சொல்றவங்களுக்குக் கொடுத்துத்தான் பார்ப்போமே" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது அந்தம்மாதான். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சீக்கிரமே வீட்டுக்குப் போனார்கள். அது எப்போது எல்லாருக்கும் வழக்கமானது என்று யாருக்கும் ஞாபகமில்லை. அவரே எத்தனை கட்டுரையில் ‘வழக்கம்போல்’ என்று எழுதித் தள்ளியிருக்கிறார்! ஒரு தடவைகூட அந்தம்மா பெயரைப் போட்டதில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அந்தப் பழைய கட்டுரையோடு நேரே பக்கத்து அறைக்குப் போனார். "ஏன் மேடம், இது என் வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எதைச் சொல்கிறார் என்று புரிந்ததும் அந்தம்மா சிரித்துவிட்டார். "அட, அதுவா! எல்லாரும் சாப்பிடுறாங்கல்ல, விடுங்க சார்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி ஒரே போடாகப் போட்டாள். "நாளைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதும், நாற்காலி நமக்குத்தான். நல்லவர் வேஷமெல்லாம் அடுத்த வாரம் வச்சுக்கோங்க."

"சரி" என்றுதான் சொன்னார். அவருக்கும் அந்த நாற்காலி வேண்டும். எத்தனையோ வருட ஆசை அது.

மறுநாள் தேர்வுக்குழுத் தலைவர் இவருடைய கட்டுரைப் பட்டியலைப் புரட்டிப் புரட்டி மாய்ந்துபோனார். "அப்பப்பா! இதுல நோயாளிங்களுக்கு ரொம்பப் பிரயோஜனப்பட்டது எது? நீங்களே சொல்லுங்க டாக்டர்."

ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"சார், என் முன்னூறையும் தூக்கிப் போட்டுட்டா நாளைக்கு எந்த வார்டுலயும் ஒண்ணும் மாறாது. அடுத்து உள்ள வரப்போறாங்களே, அவங்க எழுதின ஒண்ணைத் தூக்கிட்டா, நாளைக்குக் காலையிலேருந்து எல்லா ஊர்லயும் கணைய நோயாளிங்க பட்டினி. அதை நிறையப் பேர் மேற்கோள் காட்டலைன்னா அது அவங்க குறை இல்ல சார். மூச்சு விடுறதுக்கு யாராவது ஆதாரம் காட்டுவாங்களா?"

சாயங்காலமே முடிவு தெரிந்துவிட்டது. நாற்காலி அந்தம்மாவுக்கு. அச்சகம் கதவைச் சாத்திக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தார். வருத்தமே இல்லை என்றால் அது பொய்.

கதவைத் தள்ளிக்கொண்டு அந்தம்மா வந்தார். உள்ளே நடந்ததைத் தலைவர் சொல்லியிருப்பார் போல, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? வீட்டுல போய் என்ன சொல்லுவீங்க?"

"நான் என்ன பெருசா பண்ணிட்டேன்? இத்தனை வருஷமா விட்டுப்போன மேற்கோளைப் போட்டேன், மேடம். அவ்வளவுதான்."