சிரிக்காத மூப்பர்

நீதிமானின் முகத்தில் கடைசி நேரத்தில் பரலோகத்தின் ஒளி விழும். அவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதை அந்த முகத்தைப் பார்த்தே ஊர் தெரிந்துகொள்ளும். மூப்பர் வெர்லின் ஹாஸ்கெட் தம் சபையில் ஆண்டாண்டு காலமாகச் சொல்லிவந்தது இது. இப்போது அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது ஒரு டியூப்லைட்டின் வெளிச்சம். அதுவும் விட்டு விட்டு எரிந்தது.

"மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன் சென்யோரா" என்றார் டான் எவரிஸ்டோ. மெக்சிகோ எல்லை ஊரான லாஸ் அல்கொடோனஸில் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர், மரியாதைக்கு எல்லாரும் 'டான்' போட்டு அழைப்பவர். பிணத்தைக் குளிப்பாட்டுவது முதல் எல்லை தாண்டி அனுப்புவது வரை எல்லாம் அவர்தான்.

மூப்பரின் மனைவி நடீன் அந்த விளக்கை அண்ணாந்து பார்த்தாள். எதையோ மறைக்கத்தான் விளக்கை இப்படி வைத்திருக்கிறான் என்று தோன்றியது. கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு பாஸ்போர்ட், வெர்லினின் கடிகாரம், வெர்லினின் பணப்பை, கார்ச் சாவி. கல்யாண மோதிரம் மட்டும் அவர் விரலில் இருந்தது. அதை ஒரு கண்ணால் பார்த்தபடியே இருந்தாள்.

இன்னொரு கண் அவர் தாடையைக் கட்டியிருந்த கைக்குட்டையின்மேல் இருந்தது. மோவாயின் அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி, ஓரத்தில் ஊதாப்பூ வேலைப்பாடு, மூலையில் 'சி' என்ற ஆங்கில எழுத்து. பொம்பளைக் கைக்குட்டை.

"இது யாரோடது?"

"வாய் திறக்காம இருக்கக் கட்டுறது சென்யோரா. எல்லாருக்கும் கட்டுவோம்."

"எதுக்குக் கட்டுறீங்கன்னு கேக்கல. யாரோடதுன்னு கேட்டேன்."

டான் எவரிஸ்டோவுக்குத் திடீரென்று மெழுகுவர்த்திகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

காலையில் கிளம்பும்போது இந்த ஊர் அவர்கள் திட்டத்திலேயே இல்லை. நாற்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நடீன் கேட்டது கடல். அரிசோனாவின் பருத்திக் காட்டிலேயே வாழ்ந்துவிட்டவள், கடலைப் பார்த்ததில்லை. பக்கத்துக் கடலோ மெக்சிகோவுக்குள் இருந்தது. அதைக் கடலின் குற்றமாகவே வெர்லின் எடுத்துக்கொண்டார். போவதற்கு முந்தைய ஞாயிறு சபையில் தமக்காக விசேஷ ஜெபம் ஏறெடுக்கச் சொன்னார். திருடு போகும் என்று கார்ச் சக்கரத்தின் மூடிகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்தார். "அந்தப் பக்கம் போனா தண்ணி குடிக்காதே, ஐஸ் தொடாதே, யாராவது சிரிச்சா பையைப் பிடிச்சுக்கோ" என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

வழியில் கிலா பெண்ட் ஊரின் பெட்ரோல் பங்கில்தான் வினை வந்தது. பெக்கான் கொட்டை போட்ட பாகுமிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கினாள் நடீன். கல் மாதிரி கெட்டி. கடைக்காரப் பெண் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, நடீன் சிரித்தாள், வெர்லின் வழக்கம்போல உதட்டை இறுக்கிக்கொண்டார். காரில் ஏறியதும் அவளுக்கு அடக்கமுடியவில்லை.

"ஏன் வெர்லின், இத்தன வருஷத்துல என்னைப் பாத்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வாயத் தொறந்து சிரிச்சிருக்கியா நீ?"

அவர் அப்போதுதான் மிட்டாயைக் கடித்திருந்தார். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முகம் சிவந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. கடலுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டிய கார் நேராக மேற்கே போனது.

"எங்க போற? திரும்பணும்ல?"

 பாலைவனம் முழுக்க ஒரு கையால் ஓட்டினார், இன்னொரு கை வாயின்மேல் இருந்தது. கோபம் என்று நினைத்தாள் நடீன். இவ்வளவு தூரத்துக்கு நீளும் கோபத்தை அவள் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று, எல்லைக்கு முந்தைய ஊரான யூமா வரும்வரை யோசித்தாள், கேட்கவில்லை.

எல்லை தாண்டியதும் அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. குழியுள்ள இடத்தில் குழி வருமுன்பே ஒடித்தார். தெருவெல்லாம் பல்லின் படங்கள், மூக்குக்கண்ணாடிப் படங்கள், மருந்துக்கடைகள். ஆளைப் பிடித்து இழுக்கும் தரகர்கள் வேறு. அதில் ஒருவன், வைக்கோல் தொப்பிக்காரன், காரைப் பார்த்துக் கை தூக்கினான். "வாங்க டான் வெர்லின்!"

"அவனுக்கு எப்படி உன் பேர் தெரியும்?"

வெர்லின் வாயைப் பொத்திய கையை எடுக்காமல், மறு கையால் காரின் பின்பக்கத்தைக் காட்டினார். நம்பர் பிளேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டானாம். நம்பர் பிளேட்டில் பேர் இருக்காது என்பது நடீனுக்குச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவர் "மருந்து" என்று கைக்குள்ளேயே முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதுதான் அவர் அவளிடம் சொன்ன கடைசி வார்த்தை.

திறக்காத சோடாவைப் பார்த்தபடி அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ரோஸ் நிற மேலங்கி போட்ட பெண் ஒருத்தி ஓடிவந்தாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல கட்டான உடம்பு, கண் கலங்கியிருந்தது. "நீங்கதானே நடீன்?" என்றாள்.

அவளுக்கும் பேர் தெரிந்திருந்தது.

இப்போது அதே பெண், பேர் கொன்சுவேலோ, எல்லாரும் செலோ என்றார்கள், அறைக்கு வெளியே இலவங்கப்பட்டைக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் கொன்சுவேலோ 'சி'யில்தான் தொடங்கும். கைக்குட்டைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். செத்தவரைத் தனியே விடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். பெட்டி எல்லை தாண்டும்வரை யாராவது கூட இருப்பார்கள். இவர்களை யாரும் கூப்பிட்டதாக நடீனுக்குத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரி வந்தாள், கண்ணாடிக் கடைக்காரர் வந்தார், ஆளுக்கொரு இனிப்பு ரொட்டியோடு. பெட்டியருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவர் போனதும் நடீன் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது.

தொப்பிக்காரத் தரகன் பேட்டோவும் வந்தான். தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"என்ன ஒரு சிரிப்பு சென்யோரா, உங்க வீட்டுக்காரருக்கு! அவர் உள்ள சிரிச்சா எனக்குத் தெருமுனைல கேக்கும். அந்தக் கழுதைக் கதைய அவர் சொல்லிக் கேக்கணும். சொல்றதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சுடுவார் மனுசன்."

நடீனுக்குக் காது அடைத்தது. "யாரு? இவரா?"

"வேற யாரு? வயித்தப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். இல்ல செலோ?"

செலோ வாசலிலிருந்து அவனை முறைத்தாள். பேட்டோ தொப்பியைப் போட்டுக்கொண்டு நழுவினான்.

அப்போ இங்கே சிரித்திருக்கிறார். ஒவ்வொரு வசந்தத்திலும் யூமாவில் மூப்பர்கள் மாநாடு என்று கிளம்பியவர், இங்கே வந்து, இவள் வீட்டில், தெருமுனைவரை கேட்கும்படி சிரித்திருக்கிறார்.

"ஏ, இங்க வா" என்றாள் நடீன்.

செலோ காப்பிக் கோப்பையோடு வந்தாள்.

"அவர் எங்க செத்தார்?"

"உள்ள. சோபால."

"எதுக்குள்ள? யாரு சோபால?"

"நான் வேல பாக்குற எடத்துல, சென்யோரா."

"நீ என்ன வேல பாக்குற?"

செலோ கோப்பைக்குள்ளேயே பார்த்தாள். "அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு."

"சத்தியமா? சத்தியம் வேறயா? அந்தக் கைக்குட்டை உன்னோடதுதானே?"

"ஆமா."

"அவருக்குன்னு கைக்குட்டை இல்லாமலா போச்சு? எட்டா மடிச்சு நான்தான் காலைல பாக்கெட்ல வச்சேன். அத எங்க?"

செலோவின் கை தானாக மேலங்கிப் பையைத் தொட்டது.

நடீன் எழுந்தாள். கைப்பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் பெட்டியருகே போனாள்.

"அவுக்காதீங்க சென்யோரா. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"என் புருஷன். கண்டவ துணியக் கட்டிக்கிட்டு அவர் வீட்டுக்கு வரவேண்டாம்."

முடிச்சு இறுக்கமாக இருந்தது. நகம் கொடுத்து அவிழ்த்தாள். துணி விலகியதும் தாடை மெதுவாகக் கீழே இறங்கியது. விளக்கு அணைந்து எரிந்தது. மேலே பல் இல்லை. ஒன்றுகூட இல்லை. பிறந்த குழந்தையின் வாய் மாதிரி வெறும் ஈறு, இளஞ்சிவப்பாக.

நடீன் அலறினாள்.

"திருட்டுப் பசங்களா! பல்லக்கூடவா விடல? செத்தவன் வாயிலேர்ந்து பல்லத் திருடிட்டீங்களேடா!"

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். டான் எவரிஸ்டோ இரு கையையும் விரித்து, காலி என்று காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. செலோதான் மேலங்கிப் பையிலிருந்து வெர்லினின் கைக்குட்டையை எடுத்து, மேசைமேல் வைத்து, நாலு முனையையும் பிரித்தாள். உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு பல்செட், நடுவில் இரண்டாக உடைந்து. இடுக்கில் பாகுமிட்டாய்த் துணுக்கு ஒட்டியிருந்தது.

"எங்க பல் டாக்டர் கட்டினது" என்றாள் செலோ. "மேல்வரிசை முழுக்க. ரொம்ப வருஷமாச்சு. அவரோட கைக்குட்டைல பல்லு இருக்குறதால தாடையக் கட்டுறதுக்கு என்னோடதக் குடுத்தேன். அவ்வளவுதான் சென்யோரா. மாதா மேல ஆணை."

நடீன் உட்கார்ந்தாள். நாற்காலியிலிருந்த கைப்பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள், அதுவும் தெரியவில்லை.

விடியுமுன் எழுந்து குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு மூப்பர் செய்த ஜெபம் நினைவுக்கு வந்தது. சபையில் இளைஞர்களுக்கு அதை உதாரணமாகச் சொல்வார்கள். 'கடன் வாங்கின அழகு' என்று அவர் செய்த பிரசங்கமும் நினைவுக்கு வந்தது. கடவுள் கொடுத்த உடம்பை ஒட்டும் வெட்டும் இல்லாமல் அப்படியே திருப்பித் தரவேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசினார். மறுநாளே நடீன் தலைச்சாயப் புட்டியைக் குப்பையில் போட்டாள். அன்றிலிருந்து நரைத்த தலை.

"அப்போ அந்தச் சிரிப்பு?" என்றாள்.

"இதக் கழட்டி மேசைல வச்சதும்தான் சிரிப்பார். மாட்டிட்டா அவ்வளவுதான், உதட்டப் பூட்டிக்குவார். சிரிச்சா விழுந்துடும்னு பயம். ஒரு தடவ சபைல பாடும்போது நழுவிச்சாம். அன்னிக்கு விட்டவர்தான் பாட்டை."

ஒருநாள் பாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டு, மௌனமே மேலான துதி என்று அவர் அறிவித்ததை நடீன் யோசித்தாள்.

பக்கத்து நாற்காலியைச் செலோவுக்கு இழுத்துப் போட்டாள். "இன்னிக்கு வந்தப்போ கோபமா இருந்தாரா? உக்காருங்களேன், நின்னுக்கிட்டே இருக்கீங்க."

செலோ பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோபமா? அவசரமா வந்தார். ரெண்டு துண்டையும் எங்கிட்டக் குடுத்து, 'சீக்கிரம் ஒட்டு செலோ, எம்பொண்டாட்டி வெளிய உக்காந்திருக்கா. ஒரு கேள்வி கேட்டிருக்கா. பல்லு இல்லாம பதில் சொல்லமுடியாது'ன்னார்."

"என்ன பதிலுன்னு சொன்னாரா?"

"இல்ல சென்யோரா. புதுசாவும் ஒண்ணு செஞ்சிடலாம்னு டாக்டர் அதுக்குள்ள அச்செடுக்கிற மாவ வாயில வச்சுட்டார். அத எடுத்தப்புறம் சோபால போய்ச் சாய்ஞ்சார், எழுந்திருக்கவே இல்ல."

வெளியே யாரோ காப்பிக் கெட்டிலை இறக்கிவைத்தார்கள். நடீன் உடைந்த துண்டு இரண்டையும் பார்த்தாள். இடுக்கிலிருந்த மிட்டாய்த் துணுக்கை நகத்தால் எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒட்ட முடியுமா இத?"

செலோ போய்ப் பசைக்குழாயும் விளக்கும் கொண்டுவந்தாள். இனிப்பு ரொட்டித் தட்டை ஒதுக்கிவிட்டு, மேசையிலேயே வேலை நடந்தது. செலோ பசை தடவ, நடீன் இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"விடாதீங்க. காயற வரைக்கும் விடக்கூடாது."

"விடல" என்றாள் நடீன்.

அறையில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்திருந்த பேட்டோ மட்டும் மெதுவாகக் கேட்டான், கழுதைக் கதையைச் சொல்லட்டுமா என்று. நடீன் தலையாட்டினாள். அவன் சொன்னான். அப்படியொன்றும் பெரிய வேடிக்கை இல்லை. நடீனின் தோள் குலுங்கியது, ஆனால் கையை அவள் அசைக்கவில்லை.

சொந்த ஊரில் சபை நிரம்பி வழிந்தது. பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளூர்ச் சவ அலங்காரக்காரர் முன்னதாக நடீனைத் தனியே அழைத்து, "வாய் லேசாத் தொறந்திருக்கும்மா, சரிபண்ணிடறேன்" என்றிருந்தார். தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய தலை பழுப்பு நிறத்தில் பளபளத்தது. அல்கொடோனஸ் மருந்துக்கடையில் வாங்கிய சாயம். பின்வரிசைப் பெண்கள் அதைப் பற்றி ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள்.

போதகர் லைல் பெட்டியருகே வந்தார். குனிந்து பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"சகோதரரே, சகோதரிகளே, வந்து பாருங்கள்! தம் வாழ்நாளில் ஒருமுறையும் வீணாகச் சிரிக்காத மனிதர், இதோ வாய் மலர்ந்து சிரிக்கிறார். பரலோகத்தின் வாசலில் அவர் கண்டதைக் கண்டால் அன்றி, எந்த மனிதனால் இப்படிச் சிரிக்க முடியும்?"

சபை அழுதது. சிலர் எழுந்து நின்று கைகளை உயர்த்தினார்கள். நடீன் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டி மாட்டிய பல்செட்டில் பசை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதனால் மேல் உதடு மூடவில்லை.