சுட்ட மீனுக்குச் சிவப்பு ஒயின்

சாயங்காலம் நாலு மணிக்கே நல்லேப்பிள்ளி ஊர்த் தென்னந்தோப்பில் சிரட்டைக் கரி கனிந்துவிட்டது. கம்பிவலையில் ஒரு பக்கம் ஆட்டுக்கறி, மறுபக்கம் மீன். கிருத்திகா இடுக்கியால் கறியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மேசைமேல் மூன்று சிவப்பு ஒயின் பாட்டில்கள் நின்றன. எது மீனுக்கு, எது கறிக்கு என்று ஒரு மாதம் மெனக்கெட்டுப் பிரித்தவள் அவள்தான்.

நாசிக்கில் ஒரு ஒயின் ஆலையில் ஆறு வருடம் ருசி பார்த்துத் தரம் சொன்னவள். "தோப்புல விடுதி கட்டறேன், நீதான் வந்து நடத்தோணும்" என்று தம்பி நவீன்குமார் சொன்னதை நம்பி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும், பணம் போடும் கூட்டாளி மோகனசுந்தரத்துக்கு இன்றைய விருந்து பிடித்துவிட்டால் அடுத்த மாதமே விடுதி திறந்துவிடும்.

பெண்கள் வீட்டு முன்கூடத்தில் திராட்சை ஜூஸோடு உட்கார்ந்திருந்தார்கள். தோப்பில் நாற்காலி போட்டது ஆண்களுக்கு மட்டும்.

"இது கோபிநாத்துங்க, எம்பட மச்சினன்" என்றான் நவீன். "விடுதிக்கு இவருதான் மேனேஜர்."

இடுக்கி அப்படியே நின்றது. கோபிநாத் போன மாதம்வரை செல்போன் கடையில் கவர் விற்றவன். அவன் எழுந்து கையில் கிடைத்த பாட்டிலைத் திறந்து, கள்ளு ஊற்றுவதுபோல் விளிம்புவரை ஊற்றி, ஐஸ் கட்டியும் போட்டான்.

"அப்ப அக்கா?" என்றார் மோகனசுந்தரம்.

"அக்கா சமையலப் பாத்துக்குவாங்க" என்றான் நவீன்.

மோகனசுந்தரம் மீனை ஒரு வாய் தின்று, ஒயினைக் குடித்து, முகத்தைச் சுளித்தார். "ஏனுங்க, ஆணிய நக்கின மாதிரி இருக்குது?"

"மீன் பழசாட்ட இருக்குதுங்க" என்றான் கோபிநாத்.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"மீன் காலைல துள்ளிட்டிருந்துச்சுங்க. ஊத்துனதுதான் தப்பு. அது கறிக்கு வெச்ச பாட்டில். துவர்ப்பு ஜாஸ்தி, மீனோட சேந்தா இரும்பு வாடை அடிக்கும்." காலிக் கிளாஸில் இன்னொரு பாட்டிலிலிருந்து இரண்டு விரல்கடை ஊற்றினாள். சுழற்றினாள், மோந்தாள், வாயில் வைத்து உருட்டினாள். திரும்பித் தென்னங்குழியில் துப்பினாள்.

முன்கூடத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அடக் கருமமே, ஆம்பளைக முன்னால" என்று அம்மா கமலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா! பெரிய மனுசர் உக்காந்திருக்காரு, துப்பறே?"

"ஒரு நாளைக்கு முப்பது பாட்டில் பாக்கறவ முழுங்கிட்டே போனா நாலாவதுலயே கவுந்துருவா. இதுதான்டா வேலை."

அதையே மோகனசுந்தரத்துக்கு ஊற்றினாள், கால் கிளாஸ். ஐஸ் இல்லை. அவர் மீனைப் பிய்த்தார், குடித்தார், மறுபடியும் பிய்த்தார். "அட!" என்றார். தட்டு காலியானது. "அக்காவே நடத்தலாமுங்களே, நவீன்?"

கிருத்திகா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

"பொம்பளை ஒயின் ஊத்துனா ஊர்ல என்ன பேசுவாங்க? மாமனார் ஊட்டுல வேற வாக்குக் குடுத்துட்டனுங்க."

"எனக்குக் குடுத்த வாக்கு?" என்றாள்.

"நீ ஊட்டு ஆளுக்கா. அனுசரிச்சுக்குவே."

மோகனசுந்தரம் கையைத் துடைத்தார். "அது உங்க குடும்ப விசயமுங்க. நான் தலையிட மாட்டேன்."

தம்பிமேல் வந்ததைவிட அவர்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தம்பிக்கு ஒயின் தெரியாது. இந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தட்டைப் பார்க்கிறார்.

"ருசி தெரிஞ்சுதுங்களே, சொல்றதுக்கு மட்டும் வாய் வரலீங்களா?"

கோபிநாத் ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கோவத்துல பேசாதக்கா" என்றான் நவீன்.

"கோவத்துலதான்டா பேசறேன். வேற எதுல பேசறது?"

இடுக்கியைக் கரிமேல் எறிந்தாள். தீப்பொறி பறந்து ஆண்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள். "உள்ளார வா கண்ணு" என்று அம்மா கூப்பிட்டாள். அவள் உள்ளே போகவில்லை. வேலியோரம் நின்ற ஸ்கூட்டரை எடுத்தாள். நாசிக்கில் அவளுடைய பழைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே இல்லாவிட்டால் வேறு ஆலை.

நவீன் வேலிவரை ஓடி வந்தான். "போறதுன்னா போ. நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் மட்டும் கோபிக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ. எது மீனுக்கு, எது கறிக்குன்னு."

கிருத்திகா வண்டியை முடுக்கினாள்.

"நாக்கக் கழட்டி மேசைமேல வெச்சுட்டுப் போகட்டுமாடா?"