ஒற்றை விசிறி

ஓட்டுநர் மாற்றத்துக்கு மூன்று நிமிடம்தான். இன்ஜினை அணைக்க வேண்டும், பிராண்டோ இறங்கி நிவேஸ் ஏற வேண்டும், அதற்குள் காரை மறுபடி கிளப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பந்தயத்திலிருந்து வெளியே. இத்தாலியில், பார்மா பக்கத்து ஜூலை வெயிலில் மாணவர் அணி முழுவதும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஜினேவ்ராவின் மடியில் லேப்டாப். காரின் தண்ணீர்ச் சூடு அதில் ஒரு கோடாக ஓடியது. இதுவரை அவள் கணக்கிட்ட இடத்திலேயே அது சாதுவாகக் கிடந்தது.

"பாத்தியா லோரிஸ்? ரெண்டாவது விசிறி இருந்திருந்தா வெறும் சுமைதான்."

"சரிங்க புரொஃபசரம்மா," என்று சீண்டினான் லோரிஸ், வாய் நிறைய ரொட்டியும் மோர்ட்டடெல்லா இறைச்சியுமாக.

இரண்டு விசிறி வேண்டும் என்று கேட்டவன் அவன்தான். நிற்கும் காரில் ரேடியேட்டருக்குப் பின்னால் காற்றளவியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் கணினி மாதிரியில் இருப்பதில் பாதிக் காற்றுதான் வருகிறது என்றான். "தலைமுடி காயவைக்கிற மாதிரி பிடிச்சிருப்படா," என்று பட்டறையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தடத்தில் ஓட்டிப் பார்த்தபோது அவள் கணக்கு அச்சாகப் பொருந்தியது. நேற்று வடிவமைப்பு நடுவர்கள் அவள் கையைக் குலுக்கினார்கள்.

பிராண்டோ இன்ஜினை அணைத்தான். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் கோடு நிமிர்ந்து மேலே ஏறியது.

ஜினேவ்ராவுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. விசிறி தயாரிப்பாளர்கள் விவரப் பட்டியலில் போட்டிருந்த காற்றளவு, முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது வருவது. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகள் வழியாக இழுக்கும்போது அதில் பாதிகூட வராது. அவள் முழு எண்ணையும் போட்டிருந்தாள். கார் ஓடும்போது எதிர்க்காற்றே வேலையைப் பார்த்துவிடுவதால் பிழை வெளியே தெரியவில்லை. கார் நிற்கும் மூன்று நிமிடம் அவள் கணக்கில் இல்லவே இல்லை.

தண்ணீர் மிதமிஞ்சிச் சுட்டால் இன்ஜின் கிளம்பாதபடி பூட்டு வைத்தவளும் அவள்தான்.

நிவேஸ் பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள்.

"கிளட்ச்! கிளட்ச்சைப் பிடிடி!" என்று வேலி முழுதும் கத்தியது. "தூங்குறியா?"

நேரம் முடிந்தது. அதிகாரி கையை உயர்த்தினார்.

தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்த நிவேஸின் கன்னங்கள் நனைந்திருந்தன. இது அவளுக்குக் கடைசி ஆண்டு. "சத்தியமா கிளட்ச்சைப் பிடிச்சேன்டா."

"பிடிச்சிருந்தா கிளம்பியிருக்குமே," என்றான் பிராண்டோ.

லோரிஸ் ஜினேவ்ராவின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். கையை நீட்டி லேப்டாப்பை மெல்ல மூடினான். "வெயில்ல சூடாயிடும்," என்றான்.

அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். காதுமடல் வரை எரிந்தது அவளுக்கு. அவன் மூடியதை அப்படியே விட்டுவிட்டால், வரும் குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் கிளட்ச் கதைதான் ஓடும்.

திறந்து, திரையை நிவேஸ் பக்கம் திருப்பினாள். "உன் தப்பில்ல. என் விசிறிதான். நிக்குறப்ப காற்று பத்தல."

நிவேஸ் திரையில் ஏறிய கோட்டைப் பார்த்தாள். "லோரிஸ் சொன்னானே. அன்னைக்கு."

"சொன்னான்."

"நானும் சிரிச்சேன், இல்ல?" நிவேஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜினேவ்ராவைப் பார்க்காமல், "இப்ப எங்கிட்டப் பேசாதடி," என்றாள்.

நின்றுபோன காரை அணியே தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். வழியில் மற்ற அணிகள் எழுந்து நின்று கைதட்டும். அது இங்கே வழக்கம். ஜினேவ்ரா காரின் பின் இறக்கையைப் பிடித்துத் தள்ளினாள். இருபுறமும் கைதட்டல் தொடங்கியது. ஒரு ஜெர்மன் பையன், "அருமையான கார்!" என்று அவளைப் பார்த்துக் கத்தினான். அவள் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் பலமாகத் தள்ளினாள்.