எதிர்வீட்டு வழியாகப் போன காற்று

அக்கா வருகிறாள் என்றதும் என்னவருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சி படுக்கப்போகிற கட்டில் பழசாக இருக்கலாமா என்று காலையிலேயே அதற்கு வார்னிஷ் அடித்துவிட்டார். நாற்றம் மூக்கைத் துளைத்தது. மசக்கை வந்ததிலிருந்து எந்த வாடையும் அக்காவுக்கு ஆகாது. நான் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சிய பிறகுதான் முதல்முறையாக எங்களோடு தங்க ஒப்புக்கொண்டிருந்தாள். இந்த வாடை பட்டால் பெட்டியோடு திரும்பிவிடுவாள்.

ஜன்னல்களைத் திறந்தேன். எல்லாமே ஒரே பக்கத்து ஜன்னல்கள். வந்த காற்று போக வழியில்லாமல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டது. வாசலைத் திறந்தால் எதிரே கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மூடிய கதவு. அவர் வீட்டு ஜன்னல்களெல்லாம் கட்டடத்தின் மறுபக்கம். இரண்டு வாசலும் திறந்தால்தான் காற்று ஓடும். ஆனால் ஒருநாள் என்னவர் கதவை அறைந்து சாத்தியதில், கடிகாரக்காரர் இடுக்கியில் பிடித்திருந்த திருகாணி தெறித்துத் தொலைந்துபோனது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் போய்த் தட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதாவது, உங்க வீட்டு நாத்தம் என் வீட்டு வழியா போகணும்."

"ஆமாண்ணா. நிக்காது, ஓடிடும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உதிரிகளை டப்பாவில் போட்டு மூடினார். கதவு மட்டும் அடிக்கக் கூடாது என்றார். அதனால் எங்கள் கதவுக்கு என்னவரே முட்டுக்கொடுத்து நின்றார். நன்றாக வேண்டும் அவருக்கு.

ஜன்னலுக்கு ஜன்னல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. எங்கள் செய்தித்தாள் அவர் கூடத்துக்குப் பறந்தது. திரைச்சீலை அவர் வாசலை எட்டிப் பார்த்தது. நானும் கடிகாரக்காரரும் காகிதங்களைத் துரத்தி இரண்டு வீட்டுக்கும் ஓடினோம். காரணமே இல்லாமல் சிரித்தோம். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தக் கூத்தின் நடுவே அக்கா படியேறி வந்தாள். நான் அவர் கூடத்தில் இருந்ததால் நேரே அங்கே நுழைந்து, நாற்காலியில் சாய்ந்து, எதிரே எங்கள் ஜன்னல் வரை பார்வையை ஓட்டினாள்.

"புறாக்கூடுன்னு சொன்னியே. எவ்ளோ பெரிய வீடு இது."

மூச்சை ஆழமாக இழுத்தாள். நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா காத்து வருதுடி. பிள்ளை பொறக்கற வரைக்கும் இங்கயே இருந்துடறேன்."

இது இரண்டு வீடு என்ற உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கடிகாரக்காரர் முந்திக்கொண்டார்.

"இரும்மா. வீடு இன்னைக்குத்தான் பெருசாச்சு."

எதிரிலிருந்து என்னவர், கை வலிக்கிறது, கதவை விடட்டுமா என்று கேட்டார்.

"விடாதீங்க" என்றோம், நானும் கடிகாரக்காரரும் ஒன்றாக.