வெர்னாவின் மூச்சு

விடிவதற்குள் ஓடெல் மூன்றாவது சக்கர நாற்காலியை முடித்துவிட்டான். டொலீடோ நகரத்துக் குளிர் பட்டறைத் தரை வழியாக முழங்காலுக்கு ஏறியது. திருகாணி முடுக்கிய விரல்கள் மரத்துக் கிடந்தன. கடைசியாக, எல்லா மெக்கானிக்கும் செய்வதுபோல, தானே அதில் உட்கார்ந்து குழாயை வாயில் வைத்தான். ஊதினால் மோட்டார் ஓடும். உறிஞ்சினால் நிற்கும். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்களுக்கு அதுதான் கால்.

முன்பெல்லாம் மெக்கானிக்குகள் அவர்கள் வீட்டுக்கே போய், அவர்கள் மூச்சை அளந்து அதற்கேற்ப நாற்காலியை வைப்பார்கள். அரைநாள் பாழாகிறதென்று முதலாளி ஹாலோவே அதை நிறுத்திவிட்டான். இப்போது மெக்கானிக்கின் மூச்சுதான் அளவு. ஓடெலுக்கோ ஞாயிறுதோறும் சர்ச்சில் டிரம்பெட் ஊதும் நுரையீரல்.

அந்த மூச்சுக்கு வைத்த நாற்காலிதான் போன செவ்வாய் வாடிக்கையாளர் வெர்னாவைச் சாய்தளத்திலிருந்து கவிழ்த்தது. உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்திருக்கிறாள், நிற்கவில்லை. கால் முறிந்துவிட்டது.

விடிந்ததும் ஹாலோவே வந்து விபத்து அறிக்கைக் காகிதத்தை நீட்டினான். "'ஓட்டினவங்க தப்பு'ன்னு ஒரு வரி. கையெழுத்துப் போடு."

"போட்டா இன்சூரன்ஸ்காரன் அவங்களுக்கு ஓட்டத் தகுதியில்லன்னு எழுதிடுவான் சார். நாற்காலி திரும்பக் கிடைக்காது."

"போடலைன்னா தப்பு உன்னோடதுன்னு ஆகும்."

"என்னோடதுதான்." ஓடெல் காகிதத்தைத் தள்ளி வைத்தான். "என் மூச்சுக்கு வெச்சேன்."

அடுத்த மேசையில் ரெனாட்டா ஸ்பேனரைக் கீழே போட்டாள். "என் பேரையும் எழுதிக்குங்க. போன மாசம் பதினோரு நாற்காலி, எல்லாம் என் மூச்சு."

"உனக்கென்ன இதுல வேலை?"

"இதுதான சார் வேலையே! ஆள் வீட்டுக்குப் போய் அளக்காம இனி ஒண்ணும் வெளிய போகாது."

மற்ற மூன்று மெக்கானிக்குகளும் இயந்திரங்களை அணைத்தார்கள். ஓடெலுக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள்.

"இப்ப வெளிய போனா உள்ள வர முடியாது!" என்று ஹாலோவே கத்தினான். ஐந்து பேரும், விபத்துக்குப் பிறகு பட்டறைக்கு வந்திருந்த வெர்னாவின் நாற்காலியை வேனில் ஏற்றினார்கள்.

வீட்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்த வெர்னா ஓடெலை முறைத்தாள். "வாப்பா, டிரம்பெட்டு. மிச்ச காலையும் ஒடைக்க வந்தியா?"

"தப்பு என்னோடது, வெர்னாம்மா."

"ரெனாட்டா போன்ல எல்லாத்தையும் சொன்னா. நீ அதை அவன் மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிட்டதாலதான் உள்ள விட்டேன்."

சக்கரம் தரையில் படாதபடி மற்றவர்கள் நாற்காலியைத் தூக்கி நிறுத்த, ஓடெல் குழாயை அவள் உதட்டில் வைத்தான். முழு பலத்தோடு ஊதினாள்; சக்கரம் சுற்றியது. உறிஞ்சினாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாற்காலி கேட்கும் மூச்சின் அளவைக் குறைத்தான். மறுபடி உறிஞ்சினாள். இன்னும் குறைத்தான். இவ்வளவு சின்ன மூச்சா என்று அவனுக்குக் கண் கலங்கியது.

சக்கரம் நின்றது.

"இன்னொரு தடவை பார்த்துடு," என்றாள் வெர்னா. "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். நாளைக்கு என்னை மாதிரி நாற்காலி ஓட்டுற எங்காளுங்களையும் கூட்டிக்கிட்டு, உங்க வேலைக்காக ஹாலோவேகிட்ட கேக்க உங்க பட்டறை வாசலுக்கு வரேன். அங்க நாற்காலியை நிறுத்தினா, நிக்கணும்."