கரசங்கால் வழி மாரத்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஓட்டத்துக்கும் ஆகாது. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் அடுத்த பஸ் வரட்டும் என்று நிற்கிற ரகம் நான். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் சிமெண்ட், கம்பி, ஆணி விற்கிற கடை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, வயிறு முன்னால் போக நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வயசு நாற்பதைத் தாண்டியாயிற்று. அப்பேர்ப்பட்ட லோகநாதன் தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் மாரத்தான் ஓடினான் என்றால் அதற்கு ஒரே காரணம், என் தங்கை தையல்நாயகி.

அவள் முகத்தைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அவளைக் கரசங்காலில் கொடுத்திருந்தோம். படப்பைக்குப் போகிற மெயின் ரோட்டின் மேலேயே வீடு. மாப்பிள்ளை பூவராகன் தங்கமான மனுஷன், வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள். இவர்கள் பெண் ஜெயக்கொடி பெரியவளானபோது மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தாய்மாமன் நான். புடவை, மாலை, பழம், பலகாரம் என்று தட்டு தட்டாக அடுக்கி, வேன் வைத்துக் கிளம்பினேன். இரும்புலியூர் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போனது. அது போய் முடிவதற்குள் எதிர்ப்பக்கம் இன்னொன்று. நான் போய்ச் சேர்ந்தபோது, ராகுகாலம் வந்துவிடும் என்று அவசரப்பட்டு, எங்கள் பெரியப்பா மகன் சம்பந்தம் என்பவனை நிற்கவைத்துப் பெண்ணுக்கு மாலை போட்டு முடித்திருந்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள். கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது பங்காளியை விட்டு மாலை போடுவார்களா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எங்கள் தெருவுக்கே தெரியும். சீர்த்தட்டுகளை நடுரோட்டிலேயே இறக்கி வைத்தேன்.

“இனிமே இந்த வாசப்படிய மிதிச்சேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவனே இல்ல!” என்று கத்தினேன்.

அவள் சும்மா இருப்பாளா? அவளும் அதே அப்பனுக்குப் பிறந்தவள்தானே. “போ, போ. நீ மிதிக்கலன்னா என் வாசப்படி தேயாம இருக்கும்” என்றாள்.

இன்றைக்கும் சொல்கிறேன், நியாயம் என் பக்கம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு பள்ளிக்கூடம் அனுப்பியவன் நான். கோணல் வகிடு என்று தினமும் சண்டை பிடிப்பாள். கடை வாசலில் யாராவது ‘ண்ணா’ என்று கூப்பிட்டால் என் தலை சட்டென்று திரும்பும். தாம்பரத்தில் எவன் வேண்டுமானாலும் எவனையும் அண்ணா என்பான். என் தலைக்கு அது உறைக்கவே இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வேலையே இல்லாமல் படப்பைக்கு பஸ் ஏறிப் போவேன். ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்காருவேன். கரசங்கால் வந்ததும் கழுத்தை நீட்டுவேன். கொடியில் அவள் புடவை காயும், வாசலில் கோலம் இருக்கும், அவள் மட்டும் இருக்க மாட்டாள். பஸ் ஒரு நிமிஷம் நிற்குமா? நிற்காது. இறங்கி நடக்கலாம்தான். ‘வீராப்பாப் போனவன் தங்கச்சி வூட்டச் சுத்திகினு கீறான்’ என்று ஊர் சிரிக்குமே!

அப்போதுதான் எங்கள் பக்கத்து வாலிபர் மன்றத்து வெள்ளிவிழா வந்தது. மன்றச் செயலாளர் முனிரத்தினம் என் சிநேகிதன். கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்ட வந்தான். ‘மாபெரும் மாரத்தான் ஓட்டம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், கரசங்கால் வழியாகப் படப்பை வரை.’ நிஜமான மாரத்தான் அதைப்போல மூன்று பங்கு தூரம் என்பதெல்லாம் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. மூச்சு வாங்க ஓடினால் அது மாரத்தான், அவ்வளவுதான்.

“என் பேரையும் எழுதிக்க” என்றேன்.

“மச்சான், வெயில் தலைக்கேறிடுச்சா? நீ கடையிலேர்ந்து வூட்டுக்கே டிவிஎஸ் பிப்டில போறவன்” என்றான் முனிரத்தினம்.

“எழுதுடான்னா எழுது.”

வீட்டில் என் பெண்சாதி காந்தா ஒன்றும் கேட்கவில்லை. நோட்டீஸை வாங்கிப் படித்தாள். கரசங்கால் என்ற இடத்தில் அவள் கண் ஒரு விநாடி நின்றதைப் பார்த்தேன். “வழியில மயக்கம் கியக்கம் போட்டு வுழுந்தா எந்த வூட்டுக்காரங்க தூக்குவாங்கன்னு யோசிச்சுதான் ரூட்டு புடிச்சீங்களா?” என்றாள். மறுநாளிலிருந்து விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகினேன். நாய்கள் துரத்தியதால் கொஞ்சம் வேகமும் வந்தது.

என் கணக்கு இதுதான். ஓடுகிறவன் ரோட்டோடு போகிறான். வாசப்படி மிதிக்கவில்லை, சொன்ன சொல் தப்பவில்லை. வேடிக்கை பார்க்க ஊரே வாசலுக்கு வரும், அவளும் வருவாள். முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், அப்படியே ஓடிவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரத்தில் கிளம்பினோம். மன்றத்துக்காரர்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மலிவாகக் கொடுத்தார் என்று எல்லோருக்கும் மஞ்சள் பனியன் வாங்கியிருந்தார்கள். முன்னால் ஒரு டெம்போ, அதில் மைக் செட். செட்டுக்காரர் ஆடி மாதம் முழுக்கக் கோயில் கோயிலாகப் போய்வருகிறவர். அவரிடம் இருந்தது அம்மன் பாட்டு கேசட் மட்டும்தான். “ஏதோ ஒரு பாட்டு, சத்தம் வந்தா சரி” என்று முனிரத்தினம் போடச் சொல்லிவிட்டான். ஆக, ஆடி ஞாயிற்றுக்கிழமை, முன்னால் அம்மன் பாட்டு, பின்னால் மஞ்சள் உடுத்திய கூட்டம்!

முடிச்சூர் தாண்டுவதற்குள் புது கேன்வாஸ் ஷூ என் குதிகாலைக் கடித்துவிட்டது. கழற்றி டெம்போவில் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று மேற்கிலிருந்து நேராக என் நெஞ்சில் மோதியது. அம்மி கனத்தில் இருந்த எனக்கே ஓரடி முன்னால் வைத்தால் அரையடி பின்னால் போகிற மாதிரி இருந்தது.

மண்ணிவாக்கத்தில் வந்தது வினை. வாசலுக்கு வாசல் பெண்கள் குடமும் கையுமாக நின்றார்கள். குடத்தில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. தீமிதிக்குக் காப்புக் கட்டியவர்கள் அம்மன் கோயிலுக்கு ஓடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விரதக்காரன் வந்தால் காலில் தண்ணீர் ஊற்றி, ரோட்டிலேயே விழுந்து கும்பிடுவார்கள். அந்த நேரத்தில் அவன் மனுஷன் இல்லை, அம்மன்தான். மனசில் உள்ள குறையை அந்தக் காலிடம் வாய்விட்டுச் சொல்லுவார்கள். அவன் அவர்கள் தலையில் கைவைத்துவிட்டு நகர வேண்டும். சாமி நகர்ந்த பிறகுதான் விழுந்தவள் எழுந்திருப்பாள்.

காலேஜ் பையன்கள் சிரித்துக்கொண்டே விலகி ஓடிவிட்டார்கள். எனக்கு அது வரவில்லை. ஒருத்தி காலில் விழும்போது தாண்டிக்கொண்டு போவதா? ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் காலடியில் கிடத்தினாள்.

“யம்மா, நான் சாமி இல்லம்மா. இது ஓட்டப்பந்தயம்” என்றேன்.

“எதுவா இருந்தா இன்னா சாமி? மஞ்ச கட்டிகினு வெறுங்காலோட ஓடியார. புள்ளைக்குக் காய்ச்சல் வுடமாட்டேங்குது, ஒரு கைய வையி” என்றாள்.

வைத்தேன். வேறு என்ன செய்ய? வீட்டுக்கு வீடு நின்று நின்று, டெம்போவின் பாட்டுச் சத்தம் தூரத்தில் தேய்ந்து காணாமல் போனது. கடைசி ஆளாக, நனைந்த காலோடு, தனியாக நான்.

கரசங்கால் வந்தபோது வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அங்கேயும் குடத்தோடு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். தூரத்திலேயே அவளைத் தெரிந்துவிட்டது. நிற்கிற நிலை போதாதா? இடுப்பில் குடத்தை வைத்தால் அவளுக்கு வலது தோள் இறங்கிவிடும். என் நெஞ்சு அடித்த அடி ஓட்டத்தினால் இல்லை. கிட்டே போகிறேன், இதோ முகம் தெரியப் போகிறது, அதற்குள் குனிந்துவிட்டாள். தண்ணீரை என் காலில் ஊற்றினாள். இரண்டு கையாலும் பாதத்தைத் தேய்த்துக் கழுவினாள். அப்படியே விழுந்தாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் உச்சந்தலைதான். வகிடு நேராக இருந்தது. இரண்டு பக்கமும் நரைத்திருந்தது. என் தையலுக்கு நரையா?

“ஆத்தா” என்றாள் என் காலிடம். “எனக்கு ஒரு அண்ணன் கீறான். இரும்புலியூர்ல கடை வச்சிகினு கீறான். அவன் கோவக்காரன், நீ எதையும் மனசுல வச்சிக்காத. எங்கப்பாவுக்கு வந்தா மாதிரி அவனுக்குச் சக்கரை கிக்கரை வந்துடக் கூடாது. கையி காலு நல்லா இருக்கணும். என் வூட்டுக்கு வராட்டிப் போறான். எங்க இருந்தாலும் அவன் நல்லா இருக்கணும் ஆத்தா.”

பக்கத்து வீட்டுக்காரி, “சாமி, நல்ல வாக்கு ஒண்ணு சொல்லு” என்றாள். எங்கிருந்து சொல்வது? அவள் தலையில் கையை வைத்தேன், எடுக்க மனசு வரவில்லை. நான் நிற்கிற வரைக்கும் அவள் நிமிர மாட்டாள். அவள் நிமிர வேண்டுமானால் நான் போக வேண்டும். முகத்தைப் பார்க்கத்தானே ஐயா இத்தனை தூரம் ஓடிவந்தேன்! என்ன பேஜார் இது!

கடைசியில் நகர்ந்தேன். நாலடி ஓடித் திரும்பலாம் என்றால், அதற்குள் அடுத்த வீட்டுக்காரி காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மருமகள் மேல் ஏதோ குறை, சொல்லி முடிகிற வழியாக இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது தையல்நாயகி வாசலில் ஈரம் மட்டும்தான் இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது.

படப்பை கடைத்தெருவில் நான் போய்ச் சேர்ந்தபோது பரிசு, மாலை மரியாதை எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் ஓடிவந்து தோளைப் பிடித்தான். “மச்சான், உன்னத் தேடி ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். கால் இன்னா இப்பிடி மஞ்சளா கீது?” என்றான். சோடா வாங்கிக் கொடுத்தான். டெம்போவில் ஏறச் சொன்னான்.

“நீங்க போங்க. நான் நடந்து வரேன்.”

“நடந்தா! இரும்புலியூருக்கா?”

வந்த வழியே திரும்பி நடந்தேன். தார் ரோடு சுட ஆரம்பித்திருந்தது. எதற்குப் போகிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்காமல் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியாது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றேன். ரோட்டில் ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கண்ணாடி போட்டிருந்தாள். என் தங்கை கண்ணாடி போட்டுக்கொண்ட சேதி கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. கன்னம் வற்றியிருந்தது. வாய் மட்டும் அதே வாய்.

“இன்னா சாமி, கோயிலுக்குப் போயிட்டு அதுக்குள்ள திரும்பியாச்சா?” என்றாள்.

“நான் சாமி இல்ல. இது மாரத்தான்.”

“தெரியும். எங்க டீக்கடையிலயும்தான் நோட்டீஸ் ஒட்டிகீது. நீ ஓடறன்னு அண்ணி ஆள் வுட்டு சொல்லி அனுப்பிச்சி.” கூடையைக் கீழே வைத்தாள். “ரோட்ல நிக்காத. உள்ள வா.”

“வரமாட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

பாருங்கள், அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான சொன்ன? கொல்லப்பக்கம் ஒரு கதவு கீது. அதுக்குப் படியே கெடையாது. அப்பிடி வா.”

“தாய்மாமன் கொல்லப்பக்கமா வர்றதா?”

“கௌரவம் பாத்தியானா ரோட்லயே நில்லு.” சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பியவள், போகவில்லை. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். குரல் உடைந்துவிட்டது. “நீ போன அன்னையிலேர்ந்து அந்தக் கதவுக்குத் தாப்பா போட்டதே இல்லண்ணா. உனக்குத் தோணும், வருவேன்னு இருந்தேன். நாய் வந்துச்சி, பன்னி வந்துச்சி, ஒரு தபா திருடன் வந்து அண்டாவைக்கூடத் தூக்கினு போனான். நீ ஒருத்தந்தான் வர்ல.”

வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அதில் ஓடினேன்.