காந்தம் இல்லாத குமிழிகள்

பீப், பீப் என்று நுண்ணோக்கி கத்தியது. ஸ்கேன் முடிந்திருந்தது. திரையில் மறுபடியும் வரிகள். ஷெரின் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

போன் அடித்தது. அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஜெயசித்ரா.

"சாரை ஏத்திக்கிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியாச்சு. ராஜபாளையம் வர இருபது நிமிஷம். குமிழி ரெடிதானே?"

"பாத்துட்டே இருக்கேன் மேடம்."

ஷெரின் ஆராய்வது ஏடு ஏடாகப் பிரியும் ஒரு படிகம். டேப் ஒட்டி உரித்தால் கண்ணுக்கே சிக்காத செதில் கிடைக்கும். அதிலுள்ள ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அவை எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்பதை நுண்ணோக்கியின் ஊசி படமாக்கும். சாதாரணமாக வரிவரியாக நிற்கும். வெளியே ஒரு காந்தத்தைக் காட்டினால்தான் வரிகள் உடைந்து குமிழிகளாகும். ஷெரினுக்கு மட்டும் நான்கு மாதமாகக் காந்தமே இல்லாமல் குமிழிகள் வந்தன. அவளுடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்று சென்னையிலிருந்து வருகிறார் ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியர் சுந்தரபாண்டியன். இன்று வரிகள்தான் என்றால், அத்தனை படமும் போலி என்பார்.

"வரிக்குதிரை கணக்கா இருக்கே" என்றார் மாரீஸ்வரன், திரையை எட்டிப் பார்த்து. ஆய்வகத்தின் டெக்னீசியன். சேத்தூரிலிருந்து பைக்கில் வருபவர். "அவிய மிருகக்காட்சிச் சாலைக்கு வந்துட்டோம்னு நெனச்சிரப் போறாவ."

"சும்மா இருங்கண்ணே. மூணாவது செதிலு இது. நேத்துக்கும் இன்னைக்கும் என்னண்ணே மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலையே. காலைல தூசி தட்டுனேன். எர்த் வயரை ஈயம் வச்சுப் பத்த வச்சேன்."

"எந்த வயரு?"

"செதில் வைக்கிற தட்டுக்கு அடியில போகுதுல்ல, அதான். கழண்டு கழண்டு விழுந்துச்சு. பழைய ஸ்பீக்கர்க் காந்தம் ஒண்ண வச்சு ஒட்டிப் பிடிச்சிருந்தேன். பெரிய மனுசர் வாராவளே, அசிங்கமா இருக்குமேன்னு எடுத்துட்டேன்."

ஷெரின் எழுந்து நின்றாள். "எப்ப ஒட்டுனீக?"

"நாலு மாசம் இருக்கும்."

அவர் சட்டைப் பையிலிருந்து கறுப்பு வளையம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தட்டின் அடியில் ஒட்டி, சின்னதாக ஒரு ஸ்கேன் ஓட்டினாள். ஐந்து நிமிடம். ஒவ்வொரு கோடாகப் படம் இறங்கியது. வட்டம். இன்னொரு வட்டம். திரை முழுக்கக் குமிழிகள்.

"வந்துருச்சுல்லா" என்றார் மாரீஸ்வரன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "அப்படியே இருக்கட்டும்மா. தட்டைக் கவுத்துப் பாக்கவா போறாவ? நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வாசலில் கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. ஷெரின் குமிழிகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டின் அடியில் விரலை விட்டு வளையத்தைப் பிடுங்கினாள்.

படியேறி வந்த சுந்தரபாண்டியன் கைகுலுக்க நீட்டிய கையில் அதை வைத்தாள்.

"என் குமிழி எல்லாம் இதுக்குள்ளதான் இருந்திருக்கு சார்."